4087 என்ற எண்ணை நான் திருத்திய கதை

பென் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட் என்பதை எத்தனை முறை கொடுத்திருப்பீர்கள்? ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறோம். பச்சைப் பட்டை ஒன்று ஓடுகிறது. முடிந்தது என்று செய்தி வருகிறது. ஓகே கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தச் சில விநாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று கல்லூரியில் படிக்கும்போது நானும் யோசித்ததில்லை. பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்த நான்காவது ஆண்டில், ஒரு பழைய ஃபார்மேட் புரோகிராமைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரே ஒரு எண்ணை நான் திருத்தினேன். அந்த எண் 4087. அதனால் என்ன ஆனது என்பதை இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். கூடவே, உங்கள் பென் டிரைவுக்குள் ஃபார்மேட் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

மருந்துப் பெட்டிக்குள் ஒரு குட்டி டிரைவ்

நான் வேலை செய்த இடத்தில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறிய கருவிகளைத் தயாரித்தார்கள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது. தடுப்பூசி, மருந்து ஆகியவை போகும் குளிர்பெட்டிகளுக்குள் இதைப் போட்டு அனுப்புவார்கள். பல தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். வழியில் எங்காவது சூடு ஏறியதா என்பதைக் கருவி குறித்துக்கொண்டே வரும். பெட்டி போய்ச் சேர்ந்ததும் கருவியை யுஎஸ்பி போர்ட்டில் செருகினால், சாதாரண பென் டிரைவ் போலவே கம்ப்யூட்டரில் தெரியும். உள்ளே ஒரு ரிப்போர்ட் ஃபைல் இருக்கும். அதைத் திறந்து பார்த்து, மருந்து நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்வார்கள். ரிப்போர்ட் திறக்கவில்லை என்றால் மருந்து நல்லதாகவே இருந்தாலும் அதை நம்பிப் பயன்படுத்த முடியாது. மொத்தப் பெட்டியும் வீண்.

கருவிக்குள் இருந்த மெமரி வெறும் 16 எம்பி. இன்றைய கணக்கில் நாலைந்து போட்டோவுக்குக்கூடப் போதாது. ஆனால் வெப்பநிலை எண்களுக்கு அது தாராளம். தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் முன் ஒவ்வொரு கருவியையும் ஃபார்மேட் செய்ய எங்களிடம் சொந்தப் புரோகிராம் ஒன்று இருந்தது. அதைத்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

திறந்து பார்த்தேன். பகீரென்றது. ஒரே ஃபங்ஷன், ஆயிரம் வரிகளுக்கு மேல். வேரியபிள்களுக்கு எக்ஸ்1, எக்ஸ்2, டெம்ப், டெம்ப்2 என்று பெயர்கள். நடுநடுவே 'கோடு' கட்டளைகள் வைத்து மேலும் கீழும் தாவியிருந்தார்கள். மூன்று பேர் வெவ்வேறு காலங்களில் எழுதியது என்பது எழுத்து நடையிலேயே தெரிந்தது. மூவரும் இப்போது நிறுவனத்தில் இல்லை. கமெண்ட்டுகள் என்று பார்த்தால், 'பிறகு மாற்ற வேண்டும்' என்பது மட்டும் ஐந்து இடங்களில் இருந்தது.

பெரிய மெமரி கொண்ட புதிய மாடல் வரவிருந்தது. அதற்கு ஃபேட்32 வேண்டும். இந்தச் சிக்கலுக்குள் புதிய வசதியைச் சேர்ப்பதை விட, முதலில் இதை ஒழுங்குபடுத்திவிடலாம் என்று டீம் லீடர் முடிவு செய்தார். ஒரு புரோகிராம் வெளியே செய்யும் வேலையைக் கொஞ்சமும் மாற்றாமல், உள்ளே இருக்கும் வரிகளை மட்டும் ஒழுங்காக மாற்றி அமைப்பதை ரீஃபேக்டரிங் என்பார்கள். 1999-ல் மார்ட்டின் ஃபவுலர் இதே பெயரில் எழுதிய புத்தகம் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது. 'வெளியே செய்யும் வேலையைக் கொஞ்சமும் மாற்றாமல்' என்ற சொற்களை நினைவில் வையுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

ஃபார்மேட் என்றால் என்ன?

டிஸ்க் என்பது எண்ணிட்ட சிறு அறைகளின் நீண்ட வரிசை. ஓர் அறைக்கு செக்டார் என்று பெயர். வழக்கமாக 512 பைட்டுகள். சில செக்டார்களைச் சேர்த்து ஒரு க்ளஸ்டர் என்று வைத்துக்கொள்வார்கள். ஃபைல்கள் க்ளஸ்டர் க்ளஸ்டராகச் சேமிக்கப்படும்.

ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யும்போது டிஸ்க்கில் நான்கு பகுதிகள் உருவாகின்றன.

முதலாவது பூட் செக்டார். டிஸ்க்கின் அளவு என்ன, ஒரு க்ளஸ்டரில் எத்தனை செக்டார் என்ற விவரங்கள் இங்கே இருக்கும்.

இரண்டாவது ஃபைல் அலொகேஷன் டேபிள். இதன் சுருக்கம்தான் ஃபேட். பாதுகாப்புக்காக வழக்கமாக இரண்டு பிரதிகள் இருக்கும்.

மூன்றாவது ரூட் டைரக்டரி. ஃபைல்களின் பெயர், அளவு, தேதி, எந்த க்ளஸ்டரில் தொடங்குகிறது என்ற விவரங்கள் இதில் இருக்கும்.

நான்காவது ஃபைல்களை வைக்கும் இடம்.

சிறு வயதில் சீட்டு எழுதி ஒளித்து வைத்து விளையாடியிருப்பீர்கள். ஒரு சீட்டை எடுத்தால், அடுத்த சீட்டு எங்கே இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். ஃபேட் டேபிளும் அப்படித்தான். இரண்டாம் க்ளஸ்டருக்கு எதிரே 3 என்று இருந்தால், ஃபைலின் அடுத்த பகுதி மூன்றாம் க்ளஸ்டரில் இருக்கிறது என்று பொருள். கடைசி க்ளஸ்டருக்கு எதிரே 'முடிந்தது' என்ற குறியீடு இருக்கும். முதல் இரண்டு எண்களான 0, 1 ஆகியவை வேறு உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகவே க்ளஸ்டர்கள் 2-லிருந்துதான் தொடங்கும்.

ஃபேட்12, ஃபேட்16, ஃபேட்32 என்பவை இந்த டேபிளில் ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை பிட் ஒதுக்குகிறோம் என்பதைக் குறிக்கின்றன. (ஃபேட்32-ல் 28 பிட் மட்டுமே பயன்படும்.) டிஸ்க்கைப் படிக்கும் கம்ப்யூட்டருக்கு இது எந்த வகை என்று எப்படித் தெரியும்? பூட் செக்டாரில் ஃபேட்16 என்று எழுத்தில்கூட எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதை நம்பக்கூடாது. மைக்ரோசாஃப்ட் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட 1.03 பதிப்பு விளக்க ஆவணத்தின்படி, க்ளஸ்டர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டுமே வகையை முடிவு செய்ய வேண்டும். 4085-க்குக் குறைவாக இருந்தால் ஃபேட்12. 65525-க்குக் குறைவாக இருந்தால் ஃபேட்16. அதற்கு மேல் ஃபேட்32.

பார்க்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சுத்தம் செய்யும் முன் ஒரு போட்டோ

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் அலமாரியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு பொருள்களை அதே இடத்தில் அடுக்க வசதியாக இருக்கும். பழைய புரோகிராமைத் தொடும் முன்பும் இதையே செய்ய வேண்டும். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் பழைய சோர்ஸ் கோட் பற்றி எழுதிய புத்தகம் இதை விரிவாகச் சொல்கிறது. புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்று பார்க்காதீர்கள். இப்போது என்ன செய்கிறது என்பதை அப்படியே பதிவு செய்யுங்கள் என்பதுதான் யோசனை.

நான் அதன்படியே செய்தேன். நிஜ டிஸ்க்குக்குப் பதிலாக இமேஜ் ஃபைல்களைப் பயன்படுத்தினேன். 1 எம்பி, 2 எம்பி, 4 எம்பி, 8 எம்பி, 16 எம்பி என்று தொடங்கிப் பல அளவுகளில் காலி ஃபைல்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் பழைய புரோகிராமால் ஃபார்மேட் செய்தேன். வந்த இமேஜ்களின் செக்சம் எண்களைக் குறித்து வைத்தேன். இனி நான் என்ன மாற்றினாலும் அதே செக்சம் வர வேண்டும். ஒரு பைட் மாறினாலும் தெரிந்துவிடும்.

முதல் நாளே ஒரு சிக்கல். எதையும் மாற்றாமல் இரண்டாவது முறை ஓட்டினாலே செக்சம் வேறாக வந்தது! காரணம் வால்யூம் சீரியல் எண். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரின் நேரத்தை வைத்து அந்த எண்ணை உருவாக்குகிறார்கள். சோதனைக்காக மட்டும் அந்த எண்ணை நிலையாக வைக்கும் வசதியைச் சேர்த்தேன். பிறகுதான் ஒரே மாதிரி வந்தது. லினக்ஸில் ஃபேட் ஃபார்மேட் செய்யப் பயன்படும் எம்கேஎஃப்எஸ்.ஃபேட் புரோகிராமிலும் சீரியல் எண்ணை நாமே கொடுக்கும் வசதி உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

முடிச்சு எங்கே இருந்தது?

ஒரு 200 பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கங்களில் பொருளடக்கம் எழுத வேண்டும். அதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது? மீதி எத்தனை பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மீதி எத்தனை? பொருளடக்கத்துக்கு எத்தனை போனது என்பதைப் பொறுத்தது. ஃபேட் டேபிளின் அளவும் இப்படித்தான். டேபிள் பெரிதானால் க்ளஸ்டர்கள் குறையும். க்ளஸ்டர்கள் குறைந்தால் டேபிள் சிறியதாக இருந்தாலே போதும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும்.

பழைய புரோகிராம் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே டிஸ்க்கிலும் எழுதிக்கொண்டிருந்தது. முதலில் பூட் செக்டாரை எழுதும். பிறகு கணக்குப் போடும். ஒத்துவரவில்லை என்றால் மேலே தாவி, பூட் செக்டாரை மறுபடி எழுதும். நடுவில் கரன்ட் போனால் பாதி ஃபார்மேட் ஆன டிஸ்க்தான் மிஞ்சும்.

நான் இதை மூன்றாகப் பிரித்தேன். முதல் பகுதி டிஸ்க்கின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இரண்டாம் பகுதி கணக்கு மட்டும் போடும். டிஸ்க்கைத் தொடவே தொடாது. மூன்றாம் பகுதி, முடிந்த கணக்கை வாங்கி எழுதும், யோசிக்கவே யோசிக்காது. ஒரே நாளில் செய்யவில்லை. ஒரு வேரியபிளின் பெயரை மாற்றுவேன், செக்சம் பார்ப்பேன். பத்து வரிகளைத் தனி ஃபங்ஷனாக எடுப்பேன், செக்சம் பார்ப்பேன். மாறியிருந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவேன். மூன்று வாரம் இப்படியே போனது. ஆயிரம் வரி ஃபங்ஷன், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சிறு சிறு ஃபங்ஷன்களாக மாறியது. கணக்குப் போடும் பகுதியைத் தனியாக எடுத்ததால் டிஸ்க்கே இல்லாமல் சோதிக்க முடிந்தது.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ஃபேட்16 ஆக வைத்த பிறகு க்ளஸ்டர் எண்ணிக்கை 4087-க்குக் குறைவாக வந்தால், எண்ணிக்கையை 4084 ஆகக் குறைத்து, ஃபேட்12 ஆக மாற்று என்று எழுதியிருந்தார்கள். கமெண்ட் எதுவும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் ஆவணத்தைத் திறந்தேன். எல்லை 4085 என்று தெளிவாக இருக்கிறது. பிறகு எதற்கு 4087? யாரோ தப்பாக டைப் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டிஸ்க்கில் தேவையில்லாமல் க்ளஸ்டர்கள் வேறு வீணாகின்றன. 4085 என்று திருத்தினேன். சோதனைகளை ஓட்டினேன். எல்லா செக்சமும் அப்படியே இருந்தன. மனத்துக்குள் ஒரு பெருமை. சீனியர்கள் விட்ட பிழையைக் கண்டுபிடித்துவிட்டோமே!

டெஸ்டிங் அக்கா வந்தார்

புதிய மாடலுக்கு முன்னோட்டமாக, எங்கள் 16 எம்பி கருவியில் சிறிய மாற்றம் ஒன்று வந்திருந்தது. செட்டிங்குகளைச் சேமிக்க, மெமரியின் கடைசி 8 கேபியைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். என் புரோகிராமில் ஃபார்மேட் செய்த பத்து கருவிகள் டெஸ்டிங் பிரிவுக்குப் போயின.

மாலையில் அங்கிருந்த அக்கா என் மேஜைக்கு வந்தார். "தம்பி, உன் கருவியில சின்ன ஃபைல் எல்லாம் திறக்குது. பெரிய ரிப்போர்ட் மட்டும் திறக்க மாட்டேங்குது. என்னன்னு பாரு" என்றார்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினேன். எல்லாம் திறந்தது. "நல்லாத்தானே இருக்குக்கா?" என்றேன்.

"உன்கிட்ட நல்லாத்தான் இருக்கும். மருந்து வாங்குறவங்க விண்டோஸ்லதானே போடுவாங்க?"

அவர் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். ஃபைல் பெயர்கள் சரி. அளவு சரி. தேதி சரி. ஒரு வரி மட்டும் எழுதிய டெஸ்ட் ஃபைல் அழகாகத் திறந்தது. 4 கேபிக்கு மேற்பட்ட எந்த ஃபைலும் திறக்கவில்லை. பழுதடைந்த ஃபைல் என்று செய்தி வந்தது. டிரைவை ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. நான் மவுஸை நகர்த்தினேன். "அதைத் தொடாதே, முதல்ல ஒரு காப்பி எடு" என்று அக்கா தடுத்தார். நல்லவேளை. சரிசெய்யச் சொல்லியிருந்தால், விண்டோஸ் தன் கணக்குப்படி டேபிளை மாற்றி எழுதியிருக்கக்கூடும். என்ன நடந்தது என்பதற்கான தடயமே இருந்திருக்காது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அன்று இரவு பேப்பரில் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

16 எம்பி என்பது 32,768 செக்டார்கள். பூட் செக்டார் 1. ஃபேட் டேபிள் ஒன்றுக்கு 16 வீதம் இரண்டுக்கு 32. ரூட் டைரக்டரிக்கு 32. மொத்தம் 65 போக மீதி 32,703. எங்கள் கருவியில் ஒரு க்ளஸ்டருக்கு 8 செக்டார், அதாவது 4 கேபி. 32,703-ஐ 8-ஆல் வகுத்தால் 4087 க்ளஸ்டர்கள். 7 செக்டார் மிச்சம்.

கடைசி 8 கேபியை, அதாவது 16 செக்டார்களை எடுத்துவிட்டால் 32,752. 65 போக 32,687. 8-ஆல் வகுத்தால் 4085.

புரிகிறதா? என் சோதனையில் இருந்தது சரியாக 16 எம்பி. அதற்கு 4087 க்ளஸ்டர்கள். நான் எல்லையை 4087-லிருந்து 4085-க்கு மாற்றினாலும் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நிஜக் கருவிக்கோ 4085 க்ளஸ்டர்கள். பழைய புரோகிராமாக இருந்தால் இதைக் கவனித்து, க்ளஸ்டர்களைக் குறைத்து, 4084 ஆக்கி, ஃபேட்12 ஆகப் பதிந்திருக்கும். என் திருத்தம் அதை ஃபேட்16 ஆகவே விட்டுவிட்டது.

சரி, ஆவணப்படி 4085 என்றால் ஃபேட்16தானே? விண்டோஸ் ஏன் திணறியது? எம்கேஎஃப்எஸ்.ஃபேட் புரோகிராமின் சோர்ஸ் கோடைத் தேடிப் படித்தேன். அது யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. அதன் தலைப்பில் உள்ள காப்புரிமை வரிகளே ஒரு வம்ச வரலாறு போல இருக்கும். 1991 லினஸ் டோர்வால்ட்ஸ், பிறகு ரெமி கார்ட், டேவிட் ஹட்சன், பீட்டர் ஆன்வின், ரோமன் ஹோடெக் என்று கைமாறிக் கைமாறி வந்த புரோகிராம். அதிலும் ஃபேட்16-க்குக் குறைந்தபட்சம் 4087 என்றே இருந்தது! ஆனால் அங்கே கமெண்ட் இருந்தது. ஆவணத்தில் 4085 என்று இருந்தாலும், விண்டோஸின் ஃபேட் டிரைவர் 4087-க்குக் குறைவான க்ளஸ்டர்கள் உள்ள டிஸ்க்கை ஃபேட்12 என்றே எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் 4085-லிருந்தே ஃபேட்16 என்கிறது. ஆகவே 4085, 4086 ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடுகிறோம் என்பது அதன் சாரம். மைக்ரோசாஃப்ட் மாதிரிக்காக வெளியிட்டுள்ள ஃபேட் டிரைவரின் சோர்ஸ் கோடிலும் பார்த்தேன். அங்கேயும் 4087தான்.

ஆவணம் எழுதியவர்களுக்கும் இந்தக் குழப்பம் தெரிந்திருக்கிறது. பல புரோகிராம்கள் இந்த எல்லையில் தவறு செய்கின்றன; ஆகவே ஃபார்மேட் செய்யும்போது எல்லை எண்களுக்கு இருபுறமும் குறைந்தது 16 க்ளஸ்டர்கள் தள்ளியே இருங்கள் என்று அதே ஆவணத்தில் அறிவுரை இருக்கிறது. நான் அட்டவணையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அடுத்த பத்தியைப் படிக்கவில்லை.

விண்டோஸ் படித்தது எப்படி என்பதற்கு ஓர் எளிய உதாரணம். 000300040005 என்று இடைவெளி இல்லாமல் எழுதியிருக்கிறது. நான்கு நான்காகப் பிரித்தால் 3, 4, 5. மூன்று மூன்றாகப் பிரித்தால் 0, 300, 40, 5. எழுதியவர் ஒரு கணக்கில் எழுத, படிப்பவர் வேறு கணக்கில் படித்தால் இப்படித்தான் ஆகும். எங்கள் கருவியில் இரண்டாம் க்ளஸ்டருக்கு அடுத்தது 3 என்று 16 பிட்டில் எழுதியிருந்தது. அதே இடத்தை 12 பிட்டாகப் படித்தால் 1023 என்று வருகிறது. ஃபைலின் முதல் 4 கேபி சரியாகக் கிடைக்கும். அதன் பிறகு விண்டோஸ் 1023-ஆம் க்ளஸ்டருக்குத் தாவும். அங்கே ஒன்றும் இல்லை. பெயரும் தேதியும் ரூட் டைரக்டரியில் இருப்பதால் அவை சரியாகவே தெரிந்தன. சின்ன ஃபைல் ஒரே க்ளஸ்டரில் முடிந்துவிடுவதால் அதுவும் திறந்தது. வெளியே பார்த்தால் ஆரோக்கியமான டிரைவ்!

அக்கா ஒரு வரி ஃபைலோடு நிறுத்தியிருந்தால் கருவிகள் வெளியே போயிருக்கும். எங்கேயோ ஒரு மருந்துக் கிடங்கில் ரிப்போர்ட் திறக்காமல் யாரோ விழித்திருப்பார்கள்.

இரண்டு ராத்திரி

இந்தப் புரோகிராமை முதலில் எழுதிய சாரின் நம்பரை டீம் லீடர் வாங்கித் தந்தார். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தயக்கத்துடன் போன் செய்து அறிமுகம் செய்துகொண்டேன்.

"சார், அதுல 4087-ன்னு ஒரு வரி இருக்கு..."

முடிக்கக்கூட விடவில்லை. "அதை மாத்திட்டியா தம்பி?" என்றார்.

"மாத்திட்டேன் சார். அப்புறம்தான் புரிஞ்சுது."

சிரித்தார். "எனக்கு அது ரெண்டு ராத்திரி. ஆவணத்துல ஒண்ணு இருக்கும், விண்டோஸ் வேற செய்யும். எங்கே தப்புன்னே தெரியலை. ஒவ்வொரு அளவா ஃபார்மேட் பண்ணிப் பண்ணிப் பார்த்துக் கண்டுபிடிச்சேன். மறுநாள் டெலிவரி. கமெண்ட் எழுதணும்னு நினைச்சேன். எழுதாம விட்டுட்டேன்."

தப்பாக டைப் செய்த எண் என்று நான் நினைத்தது, ஒருவரின் இரண்டு ராத்திரி உழைப்பு. அதை நான் இரண்டு விநாடியில் மாற்றிவிட்டேன். அவர் நான்கு வரி எழுதியிருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன். நான் ஒரு போன் செய்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

இதற்காகப் பழைய வரிகளை எல்லாம் சாமி படம் போலத் தொடாமல் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதே புரோகிராமில் 360 கேபி ஃபிளாப்பிக்கான பகுதி ஒன்று இருந்தது. எங்கள் கருவிகள் எதற்கும் அது தேவையில்லை என்று எல்லாரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு, தனி மாற்றமாக நீக்கினேன். ஒரு பிரச்சினையும் வரவில்லை. காரணம் தெரிந்து நீக்குவது வேறு, காரணம் தெரியாததால் நீக்குவது வேறு.

பிறகு என்ன செய்தேன்? 4087-ஐத் திரும்பக் கொண்டுவந்தேன். வெறும் எண்ணாக வைக்காமல் அதற்கு ஒரு பெயர் கொடுத்து, காரணத்தை மேலே நான்கு வரிகளில் எழுதினேன். 4080 முதல் 4090 வரையிலும், 65520 முதல் 65530 வரையிலும் ஒவ்வொரு க்ளஸ்டர் எண்ணிக்கைக்கும் சோதனை சேர்த்தேன். நாங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு கருவியின் நிஜ அளவையும் சோதனைப் பட்டியலில் போட்டேன். ஒழுங்குபடுத்தும் வேலையையும் பிழை திருத்தும் வேலையையும் ஒரே நாளில் கலப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதன் பிறகு ஃபேட்32 வசதியைச் சேர்க்க நான்கு நாள்தான் ஆனது. பழைய சிக்கலுக்குள் அதைச் செய்திருந்தால் எத்தனை வாரம் ஆகியிருக்குமோ!

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பழைய வரி

காரணம் எழுதப்படாத எண்கள் எங்கள் புரோகிராமில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். விண்டோஸின் ஃபார்மேட் விண்டோவை மைக்ரோசாஃப்டில் 1994-ன் இறுதியில் எழுதியவர் டேவ் பிளம்மர். சிறப்பான ஒன்று வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்ததுதான் அது என்றும், ஃபேட்32-க்கு 32 ஜிபி என்ற வரம்பு தாம் அன்று காலை எடுத்த முடிவு என்றும் 2024-ல் அவரே எழுதினார். உண்மையில் ஃபேட்32 முறைக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 11 சோதனைப் பதிப்பில்தான், கட்டளை மூலம் ஃபார்மேட் செய்யும்போது 2 டிபி வரை அனுமதித்தார்கள். தற்காலிகம் என்று வைத்த எண் முப்பது ஆண்டுகள் நின்றுவிட்டது.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. பென் டிரைவைச் செருகியதும் ஃபைல்கள் பழுது என்றோ, ஃபார்மேட் செய்யட்டுமா என்றோ செய்தி வந்தால் உடனே சம்மதிக்காதீர்கள். கேமரா, டிவி, வேறு கம்ப்யூட்டர் என எதிலாவது செருகிப் பாருங்கள். ஒன்றில் திறந்தால் முதலில் ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்வது பிறகு.

2. கேமரா, மியூசிக் பிளேயர் போன்றவற்றின் கார்டுகளை அந்தந்தக் கருவியின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே கணக்கில் இருப்பார்கள்.

3. குயிக் ஃபார்மேட் உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை. டேபிளையும் டைரக்டரியையும் மட்டும் புதிதாக எழுதுகிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் முழு ஃபார்மேட்கூட பழுதான இடங்களைத் தேடியதோடு சரி. விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. பென் டிரைவை மற்றவருக்குக் கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

4. புதிதாக ஃபார்மேட் செய்த டிரைவைச் சோதிக்க ஒரு வரி ஃபைல் போதாது. பெரிய ஃபைல் ஒன்றைப் போட்டு, கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

5. புரோகிராம் எழுதும் மாணவரா நீங்கள்? விசித்திரமான எண் ஒன்றைப் பயன்படுத்த நேர்ந்தால், அது எதற்கு என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அது என்ன செய்கிறது என்பது வரியைப் பார்த்தாலே தெரியும். ஏன் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கமெண்டை எழுதி முடித்ததும் சாருக்குப் படித்துக் காட்டினேன். "இனிமே எனக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க, அப்படித்தானே?" என்றார். "நான் பண்ணுவேன் சார்" என்றேன். இன்னும் அந்தப் புரோகிராமில் எனக்குக் காரணம் தெரியாத எண்கள் இரண்டு பாக்கி இருக்கின்றன.